மீன் வடிவக் கொக்கி விரிப்புக்குக் கரை கட்டுவது எப்படி?

கேள்வி: 2023 ஒக்டோபர் 14, காலை

கொட் மீன் வடிவத்தில் ஒரு கொக்கி விரிப்பை (அடித்துணியினூடே கம்பளிக் கீற்றுகளைக் கொக்கியால் வளையங்களாக இழுத்துச் செய்யும் தரைவிரிப்பு) செய்து முடித்திருக்கிறேன். லினன் அடித்துணியில் ஆறாம் இலக்கக் கம்பளிக் கீற்றுகள். மூக்கிலிருந்து வால்வரை 36 அங்குலம். நீள்சதுர விரிப்பின் கரையை மடித்துத் தைக்க எனக்குத் தெரியும். இதிலோ முதுகில் மூன்று செட்டைகளும் வயிற்றில் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. வாலில் நான்கு அங்குல ஆழத்துக்கு ஒரு பிளவு இருக்கிறது. பின்பக்கம் முழுவதும் ரப்பர் பசை பூசி, காய்ந்ததும் வடிவத்தைச் சுற்றி வெட்டிவிட்டால் கரையே கட்டத் தேவையில்லை என்று ஒரு காணொளியில் காட்டினார்கள். அதுதான் இலகுவான வழி என்று நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்தீர்களா? நான் இருப்பது கனடாவின் நியூபவுண்ட்லாந்து, சென்ட் ஜோன்ஸ்.

2023 ஒக்டோபர் 14, பிற்பகல்

தங்கச்சி, பசை பூச வேண்டாம். கத்தரிக்கோலையும் இன்னும் கையில் எடுக்க வேண்டாம். நீங்கள் பார்த்த காணொளி டஃப்ரிங் துப்பாக்கியால் செய்யும் விரிப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்த இயந்திரம் நூலைத் துணிக்குள் குத்தி நிறுத்துவதோடு சரி. நூலைப் பிடித்து வைக்க வேறெதுவும் இல்லாததால் அங்கே பின்பக்கம் பசை பூசியே ஆகவேண்டும். கொக்கி விரிப்பில் நாம் கீற்றைக் கீழிருந்து வளையம் வளையமாக மேலே இழுக்கிறோம். பக்கத்து வளையங்கள் ஒன்றையொன்று நெருக்க, அந்த நெருக்கத்தில் லினன் இழைகளே கீற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

நான் ஒருமுறை பூசியிருக்கிறேன். 2013 இல் ஒரு கதிரை விரிப்பு, 14 அங்குல வட்டம். கடையொன்றில் சொன்னார்கள் என்று பசை வாங்கிப் பூசினேன். முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே இருந்தது. பிறகு பசை இறுகி, வளைத்தால் வெடிக்கத் தொடங்கியது. 2019 இல் விரிப்பைத் தூக்கியபோது கதிரையில் மஞ்சள் பொடி கோதுமைத் தவிடு போலக் கொட்டிக் கிடந்தது. ஒரு வளையம் அறுந்த இடத்தில் பழைய கீற்றை உருவவும் முடியவில்லை, புதியதை இழுக்கவும் முடியவில்லை. கொக்கியின் நுனி பசைக்குள் போய் நின்றுவிட்டது.

வடிவத்துக்கு வெளியே எவ்வளவு லினன் மிச்சம் இருக்கிறது என்பதை அளந்து சொல்லுங்கள். சுற்றிவர ஓர் அங்குலம் இருந்தால் போதும்.

2023 ஒக்டோபர் 15

நான்கு அங்குலம் விட்டிருக்கிறீர்கள் என்பது மிக நல்ல செய்தி. ஆனால் நேற்று "ஓர் அங்குலம் போதும்" என்று எழுதியது பாதிதான் சரி, திருத்திக்கொள்கிறேன்.

மீனின் முதுகில் முதற் செட்டைக்கும் இரண்டாவது செட்டைக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அது ஒன்றேகால் அங்குலம் அகலம். அந்த ஒன்றேகால் அங்குலத் துணியை இரண்டு செட்டைகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வாலின் பிளவில் நிலைமை இன்னும் மோசம்: வாயில் இரண்டு அங்குலம் இருக்கும் துணி, அடிக்குப் போகப் போகக் குறைந்து, அடிமுனையில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. வெளியே எத்தனை அங்குலம் விட்டாலும் இந்த இடங்களுக்கு அது உதவாது. இங்கே மடிப்பதற்கான துணியை வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்; முதலில் எளிய பகுதியை முடித்துவிடுவோம்.

வயிறு, தலை, முதுகின் நீண்ட வளைவு ஆகியவை வெளிவளைவுகள். கடைசி வரிசை வளையங்களிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளித் தையல் இயந்திரத்தில் சிக்சாக் தையல் இரண்டு ஓட்டம் போடுங்கள். அதற்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது: முதலில் தையல், பிறகு வெட்டு. லினன் பிரியத் தொடங்கினால் நிற்காது. பிறகு பருத்திக் கயிறு ஒன்றைக் கடைசி வரிசையை ஒட்டி முன்பக்கமாக வைத்து, துணியை அதன்மேல் முன்னோக்கி மடித்து, குண்டூசி குத்தி, மொட்டை ஊசியில் கோத்த கம்பளி நூலால் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு வாருங்கள். கயிறின் தடிப்பு உங்கள் வளையங்களின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் செருப்பு நேரே ஓர வளையத்தில் உராயும். உயர்ந்திருந்தால் கரையே முதலில் தேயும். ஆறாம் இலக்கக் கீற்றின் அகலம் ஓர் அங்குலத்தின் 32 பங்கில் ஆறு. அந்த அகலக் கீற்றுக்கு வளையம் ஏறத்தாழ அதே உயரத்தில் வரும் என்பதால் அதே தடிப்புக் கயிறைத் தேடிப் பாருங்கள்.

2023 ஒக்டோபர் 15, இரவு

இப்போது உள்வளைவு, அதாவது செட்டைகளுக்கு இடையே உள்ள குழிவுகள்.

இதை எனக்கு இங்கே நோவா ஸ்கோஷியாவின் ஹலிபாக்ஸில் யாரும் கற்பிக்கவில்லை. கொக்கி பிடிக்கக் கற்பித்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு வயதான பெண்மணி. அவர் செய்ததெல்லாம் நீள்சதுரம், சில நேரங்களில் நீள்வட்டம். உள்வளைவை நான் கற்றது யாழ்ப்பாணத்து நெல்லியடியில், அம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில். அம்மா ஊரில் பலருக்கும் பிளவுஸ் தைத்துக் கொடுத்தவர். கழுத்து வெட்டும்போது அவர் முதலில் வெட்டுவது கழுத்தை அன்று, கிராஸ் பீஸை. துணியை மூலைக்கு மூலை மடித்து, ஒன்றேகால் அங்குலப் பட்டிகளாகச் சாய்வாக வெட்டி, தோளில் போட்டுக்கொண்டுதான் கழுத்துக்கு வருவார். "நேர்ப்பட்டி வளையாது, இழுத்தால் சுருங்கும், விட்டால் தொங்கும்" என்று சொல்வார். ஒரு பிளவுஸின் கழுத்து முழுக்க முழுக்க ஓர் உள்வளைவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு திமிங்கில விரிப்பின் வாலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒன்றேகால் அங்குல அகலமுள்ள நேர்ப்பட்டியை ஒரு வட்ட விரிப்பின் பின்பக்கம் தைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு அங்குல ஆரை என்றால் வெளிச்சுற்று 44 அங்குலம். பட்டியின் உள்ளோரம் படுக்கும் சுற்று 36 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. பட்டியின் இரண்டு ஓரங்களும் ஒரே நீளமாதலால், உள்ளோரத்தில் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான துணி மிஞ்சுகிறது. ஆரை மூன்றடியான பெரிய வட்டத்திலும் மிச்சம் இதே அளவுதான்; அங்கே அது 226 அங்குலச் சுற்றில் பரவிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறிய வட்டத்தில் அது மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். வெளிவளைவில் மிச்சம் வருவதால் உள்ளோரத்தில் நூலோட்டிச் சுருக்கி அடக்கிவிடலாம். உள்வளைவில் நேர்மாறாகத் துணி பற்றாமல் போகிறது. பற்றாத துணியைச் சுருக்கிச் சரிசெய்ய முடியாது. அது நீள வேண்டும். சாய்வாக வெட்டிய பட்டி மட்டுமே அப்படி நீளும்.

ஆகவே செட்டைகளுக்கு இடையிலான இடைவெளிகளில் இப்படிச் செய்யுங்கள். மெல்லிய, இறுக்கமாக நெய்த பருத்தித் துணியில் சாய்வாக ஒரு துண்டு வெட்டி, விரிப்பின் முன்பக்கம் இடைவெளியின்மேல் குப்புற வையுங்கள். கடைசி வளையங்களுக்கு ஓரிழை வெளியே, மிகச் சிறிய தையல்களாக, இடைவெளியின் வளைவு முழுவதும் தையுங்கள். சிப் வைக்கும் பாதத்தைப் பூட்டினால் இயந்திரத்திலேயே வளையங்களை ஒட்டிப் போகலாம். பயமாக இருந்தால் கையால் பின்தையல் போடுங்கள். பிறகு லினனையும் பருத்தித் துணியையும் சேர்த்து நடுவில் வெட்டி, வளைவை நோக்கிக் கால் அங்குலத்துக்கு ஒன்றாக நாச் (சிறு கீறல் வெட்டு) வெட்டுங்கள். தையலுக்கு இரண்டு இழை முன்பாகவே கத்தரிக்கோல் நிற்க வேண்டும். துண்டைப் பின்பக்கம் புரட்டி இழுத்தால் வளைவு சுத்தமாக விழும். கழுத்துக்குப் பட்டி கொடுத்துப் புரட்டுவது எப்படியோ அப்படியேதான் இதுவும். துண்டின் மற்ற ஓரத்தைப் பின்பக்க லினனோடு சேர்த்துக் கையால் எம்மிங் (ஓர மடிப்புத் தையல்) செய்துவிடுங்கள்.

2023 ஒக்டோபர் 17

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: இடைவெளிகளைப் பட்டி கொடுத்துப் புரட்டி, மற்ற இடங்களைக் கயிறு வைத்துச் சுற்றினால் இரண்டும் சேரும் இடம் அசிங்கமாகத் தெரியாதா?

தெரியும், அக்கா, கயிறை இடைவெளியின் வாயில் திடீரென்று நிறுத்தினால். நான் கயிறின் நுனியை ஓர் அங்குல நீளத்துக்குப் பிரித்து, உள்ளிருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு நீளத்தில் வெட்டிவிடுவேன். அப்போது கயிறு ஒரு மெழுகுதிரியின் திரிபோல மெலிந்து முடியும். கம்பளி நூலால் சுற்றுவதை மட்டும் நிறுத்தாமல், புரட்டிய வளைவின் மீதும் கயிறில்லாமலே சுற்றிக்கொண்டு போய், அடுத்த செட்டையில் கயிறு தொடங்கும்போது அதற்குள் நுழைய வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கரை ஒரே கோடாகத் தெரியும். விரலால் தடவினால்தான் தடிப்பு மாறுவது புரியும்.

செட்டையின் நுனி வெளிமுனை. அங்கே நூல் விசிறிபோல விரியும். ஒரே துளைக்குள் மூன்று தடவை ஊசியைக் குத்தினால்தான் லினன் வெளியே தெரியாமல் மூடும். உள்முனையில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மொத்தமாகும். அங்கே தையல்களை விலக்கிப் போட வேண்டும்.

2023 ஒக்டோபர் 21

வேலையில் இருந்தபோதும் உங்கள் மீனின் வால்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு அங்குல ஆழமான கூர்ப்பிளவுக்கும் மேலே சொன்ன பட்டி முறை பொருந்தும். அடிமுனையில் இருபுறமும் ஓர் அங்குல நீளத்துக்கு இரண்டாவது வரிசைத் தையல் போட்டுப் பலப்படுத்திய பிறகே வெட்ட வேண்டும், வீ கழுத்துக்குச் செய்வதுபோல. அப்படி எழுதிவிட்டு அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் கொட் மீனின் வால் உண்மையில் அப்படிப் பிளந்திருப்பதில்லை. அது ஒரு பழைய தும்புத்தடியின் நுனிபோல ஏறத்தாழ நேராக, மிஞ்சினால் சற்றே உட்குழிந்து முடியும். ஆழமாகப் பிளந்த வால் கானாங்கெளுத்திக்கு உரியது. சிறுவயதில் நாம் சுவரில் கீறிய மீன்களெல்லாம் அந்த வாலோடுதான் இருந்தன. கை தானாக அதையே வரைந்துவிடுகிறது. முதுகில் மூன்று செட்டை, வயிற்றில் இரண்டு என்று இவ்வளவு கவனமாகச் சரியாக எண்ணிச் செய்த நீங்கள் வாலையும் அந்த மீனுக்கு உரியபடியே முடிக்கலாம் அல்லவா?

லினனை நீங்கள் இன்னும் வெட்டவில்லை. பிளவுக்குள் அடித்துணி அப்படியே இருக்கிறது. விரிப்பை மறுபடி சட்டத்தில் மாட்டி, பிளவை ஒரே ஒரு மாலைப்பொழுதில் வளையங்களால் நிரப்பிவிடலாம். புதிய ஓரத்தை முடிக்கும்போது இரண்டு வரிசைகள் அந்த ஓரக்கோட்டையே பின்பற்றிப் போகட்டும், கீற்றின் நுனிகள் எதுவும் முனைகளில் வந்து முடியாதிருக்கட்டும்; முனையில் முடியும் நுனிதான் முதலில் கழன்று வெளியே எட்டிப் பார்க்கும்.

2023 ஒக்டோபர் 22

"அப்படியென்றால் செட்டை இடைவெளிகளையும் நிரப்பிவிட்டால் போகிறதே, பிறகு ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு நீண்ட பதில் இருக்கிறது.

இந்த விரிப்புகள் நீள்சதுரமாகப் பிறந்ததற்குக் காரணம் சாக்கு. வங்காளத்துச் சணல், ஸ்கொட்லாந்தின் டண்டி ஆலைகளில் நெய்யப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தானியச் சாக்காகவும் மாவுச் சாக்காகவும் இந்தக் கரையோர வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. சாக்கைப் பிரித்து விரித்தால் கிடைப்பது ஒரு நீள்சதுரம். அதைச் சட்டத்தில் கட்டி, பழைய கம்பளி உடுப்புகளைக் கீற்றாக்கி இழுத்தார்கள். உங்கள் நியூபவுண்ட்லாந்தில் வயதானவர்கள் அந்தச் சாக்குத்துணியை "பிரின்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேய்ன் மாநிலத்து பிடிஃபோர்ட் ஊரில் எட்வர்ட் சான்ட்ஸ் ஃப்ரொஸ்ட் என்ற தகரப்பொருள் வியாபாரி 1860களின் இறுதியில் தகரத்தில் அச்சு வெட்டிச் சாக்குத்துணியில் கோலம் பதித்து விற்கத் தொடங்கினார். எங்கள் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோவில் ஜோன் கரெட் 1892 முதல் அச்சிட்ட கோலங்களை விற்றார். அந்தக் கோலங்களில் நாயும் பூவும் சிங்கமும் நீள்சதுரத்துக்கு உள்ளேயேதான் படுத்திருந்தன. மீனைச் சுற்றிக் கடலை நிரப்பி நான்கு பக்கமும் மடிப்பது கரைக்கு மிகவும் பாதுகாப்பான வழி என்பதை மறுக்க மாட்டேன்.

இருந்தும் நீங்கள் மீனை மட்டுமே விரும்பினீர்கள். படியிறங்கி வருபவர் தரையில் ஒரு மீன் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். இடைவெளிகளை நிரப்பினால் அது மீனின் நிழலாகிவிடும். வாலை நிரப்பச் சொன்னதற்குக் காரணம் உண்மையான மீன் அப்படி இருப்பதுதான். செட்டைகளைப் பிரித்தே வைக்கச் சொல்வதற்கும் அதே காரணந்தான்.

2023 ஒக்டோபர் 29

கம்பளி நூலின் அளவைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், அது மிக முக்கியம். ஓரத்தின் ஓர் அங்குலத்தைச் சுற்ற எனக்கு ஏறத்தாழ ஓரடி நூல் செலவாகிறது. உங்கள் மீனின் ஓரத்தை ஒரு சணல் நூலால் சுற்றி வைத்து, நூலை நிமிர்த்தி அளவுங்கள். வெறும் நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பெருக்கினால் செட்டைகள் கணக்கில் வராது. எனது திமிங்கிலத்துக்கு நான் அந்தத் தவற்றைச் செய்தேன். கடைசி ஐந்து அங்குலத்துக்கு நூல் போதாமல் போய், அதே இலக்க நிறத்தில் இன்னொரு பந்து வாங்கினேன். இரண்டும் வெவ்வேறு சாயத் தொட்டியில் இருந்து வந்தவை. பகலில் தெரியாத வேறுபாடு இரவில் விளக்கைப் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஐந்து அங்குலத்தையும் அதற்கு எதிர்ப்புறத்தில் ஐந்து அங்குலத்தையும் பிரித்து, இரண்டையும் புதிய நூலால் சுற்றி, வேண்டுமென்றே செய்த நிழல் போல ஆக்கினேன்.

2023 ஒக்டோபர் 30

உங்கள் மீனின் ஓரம் 112 அங்குலம் என்றால் நூல் 112 அடி. 34 மீற்றருக்குச் சற்றுக் கூட. நூலை இரட்டையாகக் கோத்தால் அதன் இருமடங்கு. ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள்.

2023 நவம்பர் 12

இன்னொருவர் கேட்கிறார்: பழைய விரிப்புகளில் கயிறும் இல்லை, சுற்றுத் தையலும் இல்லை, சும்மா மடித்துத்தானே தைத்திருக்கிறார்கள், அவை நூறு ஆண்டு தாங்கவில்லையா?

சில தாங்கியிருக்கின்றன. எவை எப்படித் தாங்கின என்பதை ஒரு விரிப்பை வைத்துச் சொல்கிறேன். எனக்குக் கற்பித்த அந்தப் பெண்மணி தம் பாட்டியார் செய்த விரிப்பொன்றைத் திருத்தித் தரும்படி கொடுத்தார். சாக்குத்துணி, நடுவில் ஒரு பூச்செண்டு, சுற்றிவரக் கறுப்பு. மடியில் வைத்துப் புரட்டியபோது நடுப்பகுதி பலமாகவே இருந்தது. ஓரத்தில் மடித்த கோட்டின்மேல் விரலை வைத்தேன். துணி பிஸ்கட் விளிம்பைப்போல மெல்ல முறிந்து, பழுப்புத் துகள் என் பாவாடையில் விழுந்தது. நான்கு பக்கமும் அதே கோட்டில் அதே முறிவு. சணல் வெளிச்சத்தாலும் ஈரத்தாலும் வயதாலும் வலுவிழக்கும். வளைந்து நிற்கும் இழை தட்டையாகக் கிடக்கும் இழையைவிட முன்னதாக முறியும். போதாததற்கு அந்த மடிப்பைத்தான் எல்லாருடைய பாதமும் முதலில் மிதிக்கிறது. ஓர் அங்குல அகலத்துக்கு உள்ளே வளையங்களை உருவி எடுத்து, அடியில் புதிய லினன் பட்டியை வைத்துப் பழைய சாக்கோடு நூலோட்டிச் சேர்த்து, இரண்டு துணியையும் ஊடுருவி அதே கீற்றுகளை மறுபடி இழுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதற்கே சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது அவர் பூச்செண்டைப் பார்க்கவில்லை; ஓரத்தைத்தான் விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தார்.

கயிறு வைத்து மடிக்கும்போது துணி கூராக முறியாமல் உருண்டையாக வளைகிறது. அதன்மேல் சுற்றிய கம்பளி நூல் தேய்மானத்தை வாங்கிக்கொள்கிறது. நூல் தேய்ந்தால் ஒரு மாலையில் புதிதாகச் சுற்றிவிடலாம், அடித்துணிக்கு ஒன்றும் ஆகாது. கரையில் மட்டும் இத்தனை நேரம் செலவழிக்கச் சொல்வது இதனால்தான்.

சுவரில் மாட்டப்போகும் விரிப்புக்கு இவ்வளவும் தேவையில்லை. லினனைப் பின்னால் மடித்து, நாச் வெட்டி, வடிவத்துக்கு ஏற்ப வெட்டிய ஃபெல்ட் துணியை மேலே வைத்து எம்மிங் செய்தால் போதும். அங்கே கால் படுவதில்லை.

2023 டிசம்பர் 3

படம் கிடைத்தது. வால் நேரானதும் மீனுக்கு வயது வந்துவிட்டது. செட்டை இடைவெளிகளில் இரண்டு சுத்தம். மூன்றாவதில் ஒரு நாச் தையலைத் தொட்டிருக்கிறது, அதைப் பின்பக்கம் சிறிய துணி வைத்து இப்போதே தைத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட வேண்டாம்.

வயிற்றுப் பக்கம் தரையில் படியாமல் அலையலையாக நிற்கிறது என்கிறீர்கள். ஓரம் தட்டுபோல மேலே குவிந்தால் சுற்றுத் தையலை அல்லது கயிறை இறுக்கிவிட்டோம் என்று பொருள். அலையலையாக நின்றால் ஓரம் உள்ளே இருப்பதைவிட நீளமாகிவிட்டது. உங்களுடையது இரண்டாவது வகை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வயிற்றின் அந்தப் பகுதி லினனின் நேர் இழைக்குச் சாய்வாக ஓடுகிறது. அங்கே லினனே ஒரு கிராஸ் பீஸாகி, நீங்கள் கையில் பிடித்துச் சுற்றச் சுற்ற நீண்டிருக்கிறது. கழுத்தில் நமக்கு உதவிய அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. அடுத்த வடிவத்துக்கு, முதல் வளையத்தை இழுக்கும் முன்பே, வரைந்த கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் தள்ளி இயந்திரத்தில் ஒரு நேர்த்தையலைச் சுற்றிவர ஓட்டிவிடுங்கள். சாய்வான இடங்கள் நீளாமல் அது பிடித்துக்கொள்ளும்.

இந்த மீனுக்கு நீராவிதான் வழி. விரிப்பைக் குப்புறப் போட்டு, நனைத்துப் பிழிந்த துவாயை மேலே விரித்து, சூடான மின்னழுத்தியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்; இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் நீளும். அலை நிற்கும் இடத்தில் ஓரத்தை உள்நோக்கிக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். பிறகு நிமிர்த்தி முன்பக்கமும் அப்படியே செய்து, இருந்த இடத்திலேயே ஒரு முழு நாள் காயவிடுங்கள். கம்பளி என்றபடியால் சொல்கிறேன். நீங்கள் அக்ரிலிக் நூலால் சுற்றியிருந்தால் மின்னழுத்தி நேரே பட்டால் உருகிவிடும்.

2023 டிசம்பர் 5

படிந்துவிட்டதா! மிகவும் சந்தோஷம்.

2024 நவம்பர் 16

ஓராண்டு கழித்து எழுதியதற்கு நன்றி. இரண்டாவது செட்டையின் நுனியில் மட்டும் சுற்று நூல் தேய்ந்து லினன் தெரிகிறது, அது கதவு திறக்கும் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்த நூலை இரு பக்கமும் ஓர் அங்குலம் தாண்டிப் பிரித்து, வாங்கி வைத்த மிச்ச நூலால் மறுபடி சுற்றுங்கள். நுனியில் முன்பு மூன்று தடவை குத்தச் சொன்னேன். தரையில் கிடக்கும் விரிப்புக்கு அது போதாது என்று இப்போது தோன்றுகிறது. ஐந்து தடவை குத்துங்கள், முடிந்தால் விரிப்பைத் தலைமாற்றிப் போடுங்கள். எடுத்து வைக்கும்போது மடிக்க வேண்டாம். வளையங்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். உட்பக்கமாகச் சுருட்டினால் அடித்துணி நீட்டி இழுபடும்.

அடுத்ததாக லொப்ஸ்டர் செய்ய நினைப்பதாகவும், இரண்டு கொடுக்குகளையும் எட்டுக் கால்களையும் மீசையையும் எப்படிக் கரை கட்டுவது என்றும் கேட்கிறீர்கள். இம்முறை கேள்வி சரியான நேரத்தில், துணி வெட்டும் முன்பே வந்திருக்கிறது. முதலில் வடிவத்தை முழு அளவில் தடித்த கடதாசியில் வெட்டுங்கள். கயிறில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, அந்தக் கடதாசியின் ஓரம் முழுவதும் அதை வைத்து வளைத்துக்கொண்டு போங்கள். கயிறு முறுக்காமல் வளைந்து போகும் இடங்கள் இருக்கட்டும். உங்கள் சுட்டுவிரல் நுழையாத இடைவெளி எதுவானாலும் அதைப் பென்சிலால் நிரப்பிக் கோட்டை வெளியே தள்ளிவிடுங்கள். கால்கள் எட்டும் தனித்தனியாக நிற்காது. அவற்றை ஒரு பக்கத்துக்கு ஒரே விசிறியாகச் சேர்த்து, இடைகளைக் கடல் நிறத்தால் நிரப்பி, கால்களை உள்ளே கறுப்புக் கோடுகளாக இழுக்கலாம். மீசையைக் கரை கட்டிய பிறகு, சுற்று நூலையே முறுக்கித் தனியாகத் தைத்து விடுங்கள். கொடுக்குகளின் வாய் மட்டும் திறந்திருக்கட்டும். ஒரு அங்குலமாவது அகலம் வையுங்கள், அடியைக் கூராக்காமல் உருட்டி முடியுங்கள், இரண்டு கிராஸ் பீஸை இன்றைக்கே வெட்டி வைத்துவிடுங்கள். கடதாசி வெட்டியதும் படம் அனுப்புங்கள், கோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.